ரொசிலாவைப் பார்த்த போட்டு

சிலாபக்கரையில் போட்டு என்று சொல்கிற இரும்புப் படகை யார் கட்டினாலும் அதன் அணியத்தை, அதாவது முன்மூக்கை, கடலைப் பார்க்க வைத்துத்தான் முதல் தகட்டை அடிப்பார்கள். கண் திறக்கும் பிள்ளை யார் முகத்தை முதலில் பார்க்கிறதோ அவரிடம் ஒட்டிக்கொள்வது போல, போட்டும் முதலில் கடலைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தனிஸ்லாஸ் மட்டும் தன் சொந்தப் போட்டைக் கட்டத் தொடங்கியபோது அணியத்தை ஊர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தான். மணல் அந்தப் பக்கம்தான் இறுகிக் கிடக்கிறது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான். ஆனால் அணியத்துக்கு நேர் எதிரே அவனுடைய வீட்டு அடுக்களை ஜன்னல் இருந்ததையும், அந்த ஜன்னலில் அவன் மனைவி ரொசிலா மீன் அரிந்துகொண்டு நிற்பாள் என்பதையும், ஓங்கிய சுத்தியலை இறக்குவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அவன் அங்கே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் இறக்குகிறான் என்பதையும் ஊரில் பார்க்காதவர்கள் யாரும் இல்லை.

கச்சான் காற்று வீசி ஓய்ந்து வாடைக் காற்று எழும்பும் வரைக்கும் அவன் அடித்தான். ஒரு அடிக்கு ஒரு பார்வை என்று அடித்தான். இரும்புக்குள்ளே எத்தனையோ கோடி நுண்துகள்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு, சந்தையில் நிற்கும் ஜனங்களைப் போல, ஒன்றையொன்று கவனிக்காமல் கிடக்கின்றன. அடி விழும்போது அவை ஒரு கணம் அதிர்ந்து, பிடி தளர்ந்து, எந்தப் பக்கம் இழுப்பு இருக்கிறதோ அந்தப் பக்கம் சற்றே திரும்பிக்கொள்கின்றன. அப்படித் திரும்பியவை மறுபடி பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்புவதில்லை. தனிஸ் போட்டைக் கட்டி முடித்தபோது அதன் இரும்பு முழுக்க ரொசிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

போட்டைக் கடலில் இறக்கிய அன்று பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்தார், வேட்டு போட்டார்கள், "விண்மீன் மாதா" என்று எழுதிய பலகையில் மாலை தொங்கியது. போட்டு அழகாகத் தண்ணீரில் வழுக்கி இறங்கி, ஒரு குலுங்கு குலுங்கி நின்று, பிறகு யாரும் தொடாமலே மெல்லச் சுற்றி, அணியத்தை அடுக்களை ஜன்னலுக்கு நேராக வைத்துக்கொண்டது. தனிஸும் அவனுடைய பங்காளி ராயப்பனும் எஞ்சினைப் போட்டு, சுக்கானை முறுக்கி, அதைக் கடலுக்குத் திருப்பினார்கள். கொஞ்சதூரம் போகும், பிறகு வளைந்து திரும்பி வந்து அதே இடத்தில் நிற்கும். மூன்றாம் தடவையும் அப்படியே வந்து நின்றபோது, கரையில் கூட்டத்துக்கு முன்னால் நின்ற பக்கத்து வீட்டுச் செசிலி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஏ தனிஸு, ஒன் போட்டுக்கு மீன் வேண்டாம் போல. மீன் அரியுத கைதான் வேணும்போல."

ஊர் சிரித்தது. ரொசிலா முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அவள் கூச்சக்காரி, கோயிலில் வாசகம் வாசிக்கச் சொன்னால் காய்ச்சல் வந்துவிடும், மீன் ஏலத்தில் விலை கேட்கவேண்டி வந்தால் பக்கத்தில் நிற்பவள் காதில் சொல்லிக் கேட்கச் சொல்லுவாள். அவள் அடுக்களையிலிருந்து பின்கட்டுக்குப் போனாள், போட்டின் மூக்கு ஒரு முழம் நகர்ந்தது. பின்கட்டிலிருந்து கிணற்றடிக்குப் போனாள், போட்டும் நகர்ந்தது. அன்றைக்கு அவள் வெளியே வரவே இல்லை.

இப்படி ஒரு காரியம் வேறு ஊரில் நடந்திருந்தால் செய்திக்காரர்கள் வந்திருப்பார்கள், பரிகாரம் சொல்கிறவர்கள் வந்திருப்பார்கள். சிலாபக்கரையில் மறுநாள் காலையில் வழக்கம்போல வலை இழுக்கப் போனார்கள். கடல் என்ன வேண்டுமானாலும் செய்யும் என்று பழகியவர்களுக்குப் போட்டு ஒரு பெண்ணைப் பார்ப்பது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அதனால் அவர்கள் அதைப் பற்றி ஆச்சரியப்படுவதை விட்டுவிட்டு, அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்று பார்த்தார்கள்.

முதலில் கண்டுபிடித்தது செசிலிதான். தனிஸின் போட்டு ஓரத்தில் மீன் கத்தியைத் தீட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். கத்தி நேராகத் தொங்காமல் ரொசிலா வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. அன்று சாயங்காலமே வேலிக்கு மேலாகத் தலையை நீட்டினாள்.

"என்னட்டி, ஒன் புருசன் அடிச்ச அடியில எங்க வீட்டுக் கத்தியும்லா ஒன்னயப் பாக்கு. நான் எத வச்சு மீன் அரிய?"

"நான் என்ன மைனி செய்யட்டும்?" என்றாள் ரொசிலா, கிணற்றுக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு.

"ஒண்ணும் செய்யாண்டாம். வெளியூர் போனா சொல்லிட்டுப் போ. கத்தி திரும்பும்போது எங்க கைய வெட்டிரப்பிடாது."

அதற்குப் பிறகு ஊரே வந்து தேய்த்தது. கடலுக்குப் போகிறவர்கள் தங்கள் கத்தியையும் தூண்டில் முள்ளையும் அந்தப் போட்டில் தேய்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். திசை தெரியாத மூட்டத்தில் முள்ளை நூலில் கட்டித் தொங்கவிட்டால் அது ரொசிலா இருக்கும் பக்கம் காட்டும், ரொசிலா இருக்கும் பக்கம்தான் கரை. தேய்ப்பதற்கு ஒரு முறை உண்டு என்று பழகப் பழகத் தெரிந்தது. ஒரே பக்கமாக இழுத்துத் தேய்த்து, கையைத் தூக்கி, மறுபடி ஆரம்பத்திலிருந்து இழுக்க வேண்டும். போனபக்கமே திரும்பி வந்தால் சேர்ந்ததெல்லாம் கலைந்துவிடும். பித்தளை விளக்குக்கும் அலுமினியப் பானைக்கும் எவ்வளவு தேய்த்தாலும் ஒன்றும் ஏறவில்லை. எவர்சில்வரில் சிலதுக்கு ஏறியது, சிலதுக்கு ஏறவில்லை. எது ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்று பார்த்து, சீர் வரிசையில் வந்த பாத்திரத்தில் எது உசத்தி எது மட்டம் என்று சம்பந்திகளுக்குள் பேச்சு வளர்ந்து, இரண்டு வீட்டில் கொஞ்சநாள் போக்குவரத்து நின்றுபோனது. கையிலிருந்து நழுவிப் பாறையில் விழுந்த கத்தி பாதியை மறந்தது. செசிலி அடுப்பைக் கிளறிய கம்பி மொத்தமாக மறந்தது.

"காந்தினா காந்தம் போயிரும்போல," என்றாள் செசிலி, கரிபிடித்த கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. அடிப்பிடித்த சோற்றுக்கும் எரிகிற வயிற்றுக்கும் சொல்லுகிற வார்த்தை இதற்கும் பொருந்தியதில் அவளுக்கே ஒரு சந்தோஷம். ஊர் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ரொசிலா எங்கே என்று யாராவது கேட்டால், போட்டைப் பார் என்றார்கள். அவள் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போனால் போட்டு தெற்கே சாய்ந்தது, அம்மா வீட்டுக்குப் போனால் வடக்கே திரும்பியது, ஊரிலுள்ள கத்திகளும் ஊசிகளும் கூடவே திரும்பின. வாழ்நாளெல்லாம் யார் கண்ணிலும் படாமல் சுவரோரமாக நடந்து பழகிய ஒருத்தியை, இரும்பென்று இரும்பெல்லாம் கை நீட்டிக் காட்டியது. அவளுக்கு வெட்கத்தில் உயிர் போனது. ஆனால் ஆளில்லாத நேரத்தில், தண்ணீர் ஊற்றிய தட்டில் வலை மிதப்பின் துண்டு ஒன்றைப் போட்டு, அதன் மேல் போட்டில் தேய்த்த தையல் ஊசியைப் படுக்க வைத்து, தட்டைச் சுற்றி நடந்து பார்ப்பாள். ஊசி அவள் கூடவே சுற்றி வரும். ஊசியின் முனை அவளைப் பார்க்கும்போதெல்லாம் அதன் காது எதிர்ப்பக்கத்தைப் பார்க்கிறது என்பதை அவள் அப்போதே கவனித்தாள். எல்லோரும் முனையைப் பற்றியே பேசுகிறார்கள், காதைப் பற்றி யாரும் பேசுவதில்லையே என்று நினைத்தாள். நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

ஊருக்கு நன்மை வந்தது, தனிஸுக்கு வரவில்லை. கரையை விட்டுப் போகாத போட்டு எதைப் பிடிக்கும்? ராயப்பன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் மீன் ஏலக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டான்.

"மாப்ள, ஒன் பொண்டாட்டிய நீ பாரு, வேண்டாம்னு சொல்லல. போட்டும் பாத்துக்கிட்டு நின்னா என் பிள்ளைகளுக்குக் கஞ்சி யாரு ஊத்துவா? ஒண்ணு சரிபண்ணு, இல்லன்னா பழைய இரும்புக்காரனக் கூப்பிடு."

சரிபண்ணுவது எப்படி என்று செசிலியின் கம்பி ஏற்கெனவே சொல்லியிருந்தது. போட்டை மணலுக்கு இழுத்து, இந்தத் தடவை வழக்கப்படி அணியத்தைக் கடலுக்கு நேராக வைத்து, இரண்டு பக்கமும் தேங்காய் மட்டையும் பனங்கட்டையும் அடுக்கித் தீ மூட்டினார்கள். தகடு சிவக்கச் சிவக்க அதற்குள் வரிசையாக நின்றவையெல்லாம் வரிசை கலைந்தன. பிறகு ஆறுகிற இரும்பின் மேல் தனிஸ் சுத்தியலை இறக்கினான். இப்போது அவன் கடலைப் பார்த்து நின்று அடித்தான். ஜன்னலில் நின்ற ரொசிலாவுக்கு அவன் முதுகு மட்டும் தெரிந்தது. அடித்துக்கொண்டே இருக்கிற அந்த முதுகு, ஒருதடவைகூடத் திரும்பாத அந்த முதுகு. திரும்பினால் இரும்புக்குத் தெரிந்துவிடும் என்றுதான் அவன் திரும்பவில்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும், மீன் அரிகிற கை அடிக்கடி நின்றது.

வேலை முடிந்து போட்டைக் கடலில் இறக்கினார்கள். அது திரும்பிப் பார்க்கவில்லை. நேரே கடலைப் பார்த்து நின்றது. ராயப்பன் துண்டைத் தலைக்குமேல் சுழற்றினான். இனிமேல் போட்டு தன்னைக் காட்டிக்கொடுக்காது என்று ரொசிலாவுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். கிணற்றடிக்குப் போனாள், பின்கட்டுக்கு வந்தாள், மறுபடி கிணற்றடிக்குப் போனாள். போட்டு அசையவில்லை. அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் விடியலில் தனிஸும் ராயப்பனும் இரண்டு கூலியாட்களும் கடலுக்குப் போனார்கள். போட்டு, வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி போனது. வெயில் ஏறுவதற்குள் வயர்லெஸ்ஸில் ராயப்பன் குரல் வந்தது. சீலா மீனும் பாறை மீனும் கூடை கூடையாக விழுகிறது என்று கத்தினான், ஏலக்கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கொஞ்சநேரம் கழித்து மறுபடி அவன் குரல் வந்தது. இந்தத் தடவை அவன் கத்தவில்லை.

"சுக்கான் திரும்புது. போட்டு திரும்ப மாட்டேங்கு."

"எங்க இருக்கீக?" என்று ஏலக்கூடத்திலிருந்து கேட்டார்கள்.

"எங்க இருக்கோம்னு மிசின் காட்டுதுல்லா! தெரிஞ்சு என்ன செய்ய? மூக்கு கரப்பக்கம் வரமாட்டேங்கு. போய்க்கிட்டே இருக்கு."

அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது. முன்பு ஒருத்தியைப் பார்த்த இரும்பு இப்போது கடலைப் பார்க்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பார்ப்பதை விட்டுவிடவில்லை. கரையில் நின்ற இரண்டு போட்டுகள் விரட்டிப்போய், வடம் போட்டு இழுத்துப் பார்த்தன. தனிஸின் போட்டு அவற்றையும் சேர்த்துக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகவே, வடத்தை அறுத்துவிட்டார்கள். அறுக்குமுன் கூலியாட்கள் அந்தப் போட்டுகளில் தாவி ஏறிக்கொண்டார்கள். ராயப்பனும் ஏறிக்கொண்டான். தனிஸ் ஏறவில்லை.

ராயப்பன் நனைந்த உடம்போடு கரையில் வந்து இறங்கி, மணலில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டான். "ஏலே, வான்னு காலப் பிடிச்சி இழுத்தேன். வரமாட்டேங்கான். நான் அடிச்ச இரும்பு, தப்பா அடிச்சது நான், அதத் தனியா அனுப்பமாட்டேன்ங்கான். ரொசிலா, நீயாவது சொல்லு தாயி. டீசல் வேற கொஞ்சந்தான் கெடக்கு."

எல்லோரும் ரொசிலாவைப் பார்த்தார்கள். இந்தத் தடவை பார்த்தது இரும்பு மட்டுமல்ல, மனிதர்களும். அவள் வீட்டுக்குள் போனாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தார்கள். அவள் போய் நின்றது அந்தத் தண்ணீர்த் தட்டின் முன்னால். மிதப்பின் மேல் படுத்திருந்த ஊசியின் முனை அவளைப் பார்த்தது. அதன் காது, வழக்கம்போல, கடலைப் பார்த்தது. ஊசியை இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லி யாரும் தேய்க்கவில்லை. ஒருபக்கம் பார்த்தாலே மறுபக்கமும் பார்த்தாக வேண்டியிருக்கிறது அதற்கு. ரொசிலா மெல்லத் தட்டைச் சுற்றி வந்து, ஊசியின் காதுப்பக்கம் நின்றாள். ஊசி அவசரமாகச் சுற்றி முனையைத் திருப்பியது. காது மறுபடி அந்தப்பக்கம் போனது.

அவள் வெளியே வந்தாள். ஏலக்கூடம் வரைக்கும் சுவரோரமாக நடக்காமல் நடுத்தெருவில் நடந்தாள். வயர்லெஸ் பேசியைக் கையில் வாங்கினாள். ஊரே சுற்றி நின்றது. கூட்டத்தின் முன்னால் அவள் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

"இந்தாங்க," என்றாள். பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு வரவில்லை.

கரகரப்புக்கு நடுவே அவன் குரல் வந்தது. "ரொசி? நீயா பேசுத?"

"திரும்பாதீங்க."

ராயப்பன் வாயைப் பிளந்தான். செசிலி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"என்ன சொல்லுத?"

"திரும்பாண்டாம்னு சொல்லுதேன். அது மூஞ்சி கடலப் பாத்தா பாத்துக்கிட்டுப் போகட்டும். அப்ப அதோட முதுகு என்னயத்தான பாக்கும். அப்பிடியே பின்னால வாங்க."

சிலாபக்கரையில் எந்தப் போட்டும் பின்பக்கமாகக் கரைக்கு வந்ததில்லை. முகம் காட்டி வருவதுதான் மரியாதை. முதுகு காட்டி வருவது கரையை அவமதிப்பது என்று வைத்திருந்தார்கள். அதனாலேயே இத்தனை பேருக்கும் அது தோன்றவில்லை.

"முதுகக் காட்டியா கரைக்கு வரச் சொல்லுத?" என்றான் தனிஸ். "ஊரு என்ன சொல்லும்?"

"இத்தன நாளா நான் ஒங்க முதுகத்தான பாத்துக்கிட்டுக் கெடந்தேன்," என்றாள் ரொசிலா. "அதுக்கு என்ன கொறச்சல்? வாங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ரொசிலா காது மடல் வரை சிவந்தாள், ஆனால் பேசியைக் கீழே வைக்கவில்லை. தனிஸ் எஞ்சினைப் பின்கியரில் போட்டான். போட்டு நின்றது. பிறகு, போகும்போது எவ்வளவு நேராகப் போனதோ அவ்வளவு நேராகப் பின்னால் வரத் தொடங்கியது. பாதி தூரம் வந்தபோது டீசல் தீர்ந்தது. போட்டு அலையில் ஆடிக்கொண்டு நின்றது. முன்னால் கடல் இழுத்தது, பின்னால் அவள் இழுத்தாள், கடல் பெரிது.

"இரும்பெல்லாம் கொண்டாங்க," என்றாள் ரொசிலா. இரண்டாம் தடவை பேசுவது முதல் தடவை போல அவ்வளவு கஷ்டமாக இல்லை. "போட்டுல தேய்ச்சது எல்லாத்தயும்."

ஊர் ஓடியது. கத்தி, அருவாமனை, தூண்டில் முள், நங்கூரம், கடப்பாரை, சம்பந்தி வீட்டுச் சண்டைக்குக் காரணமான எவர்சில்வர் குடம் எல்லாம் வந்தன. கொண்டுவந்து அலையடியில் குவித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. குவியலில் திரும்ப இடமில்லாமல் ஒன்று கிழக்கே பார்த்தது, ஒன்று மேற்கே பார்த்தது, ஒன்றின் இழுப்பை மற்றொன்று தின்றுகொண்டிருந்தது.

"குவிக்காதீங்க மைனி. எல்லாத்தயும் ஒரே பக்கமா வைங்க. முனை ஊரப் பாக்கட்டும், பிடி கடலப் பாக்கட்டும்."

"கேட்டீகளாட்டி?" என்று செசிலி குரல் கொடுத்தாள். "ஒரே பக்கம்! என் வீட்டுக் கத்தி ஒசத்தி, ஒன் வீட்டுக் கத்தி மட்டம்னு எவளாவது மாத்தி வச்சியளோ, பல்லக் கழத்திருவேன்!"

பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்திகள் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து கத்திகளை அடுக்கினார்கள். போட்டை இரும்புக் கடைக்குப் போடச் சொன்ன ராயப்பன் நங்கூரத்தை இழுத்து வரிசையில் சேர்த்தான். பங்குச்சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாதா சிலை இருந்த கெபியின் இரும்புக் கதவைப் பெயர்த்துத் தூக்கி வந்தார். ஒவ்வொன்றாக வரிசைக்கு வர வர, வரிசை அடுத்ததை வரிசைக்கு இழுத்தது. கடைசியில் வைத்தவற்றை யாரும் திருப்ப வேண்டியிருக்கவில்லை, அவையே திரும்பிக்கொண்டன. வரிசையின் தலைமாட்டில் ரொசிலா நின்றாள். ஊர் தன்னைப் பார்க்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. முந்தானையைத் தேடிய கையைத் தானே கீழே இறக்கினாள். இரும்பெல்லாம் சேர்ந்து வண்டு முனகுவது போல முனகத் தொடங்கியது. பெண்கள் காதுகளில் கிடந்த தங்கம் மட்டும் பேசாமல் கிடந்தது.

வயர்லெஸ்ஸில் தனிஸ் சொன்னான், "வருது."

வெயில் சாய்கிற நேரத்தில் போட்டு கண்ணுக்குத் தெரிந்தது. எஞ்சின் சத்தம் இல்லாமல், பாய் இல்லாமல், பின்பக்கமாக வந்தது. அதன் முகம் கடலை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அதன் முதுகில், அமரத்துச் சட்டத்தின் மேல், தனிஸ் கரையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு சிலாபக்கரையில் கட்டுகிற போட்டையெல்லாம் அணியத்தைக் கடலுக்கு வைத்து, அமரத்துக்குப் பின்னால், ஊர்ப்பக்கம், யாரையாவது ஒருவரை உட்கார வைத்துத்தான் கட்டுகிறார்கள். முன்பக்கமாகப் போகின்றன, பின்பக்கமாக வருகின்றன. வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரித்தால், ஒருபக்கம் மட்டும் இருக்கிற காந்தத்தை எங்காவது பார்த்திருந்தால் கொண்டுவந்து காட்டு என்று செசிலி சண்டைக்குப் போகிறாள். ரொசிலா எங்கே என்று கேட்டால் இப்போதும் போட்டைப் பார் என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் அதன் முதுகைப் பார்க்கச் சொல்கிறார்கள். மீன் ஏலத்தில் அவளே விலை கேட்கிறாள்.

போட்டு கரை சேர்ந்த அன்றைக்குத் தனிஸ் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கத்தி வரிசையைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு, அவள் முன்னால் வந்து நின்றான். என்ன பேசப்போகிறார்கள் என்று ஊர் மூச்சு விடாமல் நின்றது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு போட்டைக் காட்டினான்.

"திருப்பி நிறுத்தவா?"

ரொசிலா போட்டைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வேண்டாம். அப்பிடியே நிக்கட்டும்," என்றாள். "நீங்க மட்டும் இந்தப் பக்கம் பாத்தாப் போதும்."